மைக்கா பேந்த அலமாரிய வீட்லயே சரிபண்ணி பெயின்ட் அடிக்கலாமா?

தாராளமா அடிக்கலாம் தங்கச்சி. வெள்ளத் தண்ணியில அடிப்பக்கம் ஊறிட்டுன்னு கேட்டிருந்தீங்க, 2023 டிசம்பர் மழைக்கு அப்புறம் பாளையங்கோட்டையில எங்க வீட்டு அலமாரியும் இப்படித்தான் நின்னுச்சு, பாக்கவே வயிறு எரிஞ்சுச்சு.

மொதல்ல உப்புன எடத்த வெரலால அமுக்கிப் பாருங்க, மரத்தூளா உதிர்ந்தா அது பார்ட்டிகிள் போர்டு, ஊறி உப்புனா பழைய கனத்துக்கு வராது, அந்தத் துண்ட அறுத்துட்டு பிளைவுட் வச்சிருங்க. கெட்டியா இருந்தா நல்லா காயவிட்டு, மைக்கா பேந்த எடத்துல ரப்பர் பசைய ரெண்டு பக்கமும் தடவி, தொட்டா கையில ஒட்டாத பதம் வந்ததும் அமுக்கி ஒட்டுங்க. சில்லு போன மூலைக்கு, பிசைஞ்சு அடைக்கிற எம்-சீல் போதும்.

பெயின்ட் உரிஞ்சு வாரதுக்கு காரணமே மைக்காவோட வழவழப்புதான். அதனால சோப்புத் தண்ணியில எண்ணெப் பிசுக்க தொடச்சு, 220 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு போற வரைக்கும் மட்டும் தேயுங்க, அழுத்தித் தேச்சா அடிப்பலகை தெரிஞ்சிரும். பெயின்ட்டுக்கு முன்னால அடிக்கிற பிரைமர்ல கஞ்சத்தனம் வேண்டாம், வழுக்குற பரப்புல பிடிக்கிற பாண்டிங் பிரைமரா கேட்டு வாங்குங்க, சாதா மர பிரைமர் நகம் பட்டாலே உரியும். அப்புறம் எனாமல் பெயின்ட், மெல்லிசா ரெண்டு கோட்டு. ஐப்பசி கார்த்திகை ஈரத்துல ஆரம்பிக்காதீங்க, காயவே காயாது.