பீரோவை இப்போதே காலி செய்ய வேண்டியதில்லை

ஐயா, வணக்கம். துணைவியார் மறைந்து எட்டு மாதங்களே ஆன நிலையில், அவருடைய புடவைகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று மருமகள் சொன்னது உங்களைப் புண்படுத்தியதாகவும், நகைகளை மகனுக்கும் மகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மருமகள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே எனக்குப் படுகிறது. என் மனைவி மறைந்தபின் என் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தபோது, தலைத்திவசம் முடியும்வரை பீரோவைத் தொட வேண்டாம் என்று நான் சொன்னதை எவரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பட்டுப்புடவைகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்போரத்தில் இற்றுவிடும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும். நான் அவ்வாறு பிரித்தபோது, ஒரு ரவிக்கையின் கொக்கியோரம் அவள் குத்தி வைத்திருந்த மூன்று ஊக்குகள் அப்படியே இருந்தன. இன்றுவரை அவற்றைக் கழற்றவில்லை.

நகைகளைப் பொறுத்தவரை, துணைவியார் உயில் எழுதவில்லையென்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவர், மகன், மகள் மூவருக்கும் சம பங்கு உண்டு. திருமணமாகிவிட்டது என்பதால் மகளின் பங்கு குறையாது. திவசம் முடிந்தபின் மகளையும் மருமகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பீரோவைத் திறவுங்கள்; முதல் புடவையை மருமகளே தேர்ந்தெடுக்கட்டும்.