18 லட்சம் வந்தது சரி, மிஞ்சியது எவ்வளவு?

கேள்வி: நானும் கணவரும் மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறோம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், இன்ஜினியரிங் சேர ஆசைப்படுகிறாள். எட்டாவது வரை தனியார் பள்ளி, அப்புறம் அரசுப் பள்ளி. எங்கள் வீட்டில் யாரும் டிகிரி படித்ததில்லை. "பேங்க் கணக்கில் வருஷம் 18 லட்சம் வருது, உங்களுக்கு எந்த உதவியும் கிடைக்காது" என்கிறார்கள் தெரிந்தவர்கள். அப்படியா?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: சகோதரி, அந்த 18 லட்சம் வருமானம் இல்லை, வெறும் விற்பனைப் பணம். மதுரைக்கு மூட்டை ஏற்றி வரும் காசு மறுநாளே படகுக்காரருக்குப் போய்விடுகிறதே! மீன் வாங்கியது, உப்பு, சாக்கு, காயப்போடும் பெண்களின் கூலி, லாரி வாடகை, மழையில் நனைந்து புழு வைத்துத் தூக்கிப் போட்டது எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் வருமானம். உதாரணத்துக்கு, கொள்முதலுக்கு 14.5 லட்சம், மற்ற செலவு சேதாரத்துக்கு 1.6 லட்சம் என்றால் கையில் நிற்பது 1.9 லட்சம். பிசி, எம்பிசி மாணவர் உதவித்தொகைக்கு உச்சவரம்பு 2.5 லட்சம்.

ஆனால் வாய்க்கணக்கை வைத்து வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட மாட்டார். கொள்முதல் சீட்டு, கூலி நோட்டு, லாரி ரசீது எல்லாவற்றையும் மாதவாரியாக எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வரவு படுத்துப்போவதும் அதில் தெரியட்டும். கடைக் கடன் வாங்குவதற்காக வருமானத்தைக் கூட்டிப் போட்டு வரிக்கணக்குத் தாக்கல் செய்திருந்தால், அந்தத் தாளே இங்கே குறுக்கே நிற்கும். நம் பக்கத்து வியாபாரிகள் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். அதற்காக, வருமானம் வெறும் 72 ஆயிரம் என்று பொய்ச் சான்று வாங்கித் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். நாளைக்குக் கல்விக் கடன் கேட்கும்போது பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் பொதுவாக ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாவது வரை தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்ட (ஆர்.டி.இ.) இடத்தில் படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் அதுவும் செல்லும். உங்கள் மகள் அந்த இடத்தில் படிக்கவில்லை என்றால் விடுங்கள். முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. அதற்கு வருமான வரம்பே கிடையாது. கல்விக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும். இ-சேவை மையத்தில் இப்போதே சான்றுக்கு விண்ணப்பியுங்கள். மீனவர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு.

மீதிக்குக் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. தடைக்காலம் முடிந்து சரக்கு வாங்க வைத்திருக்கும் முதலீட்டுப் பணத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இன்னொன்று. முதல் பட்டதாரி சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டச் சொல்லி யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால், கவுன்சிலிங் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.