எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து வந்துவிட்டதா? எங்கள் ஊர்க் கண்ணாடி விரியனை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் 200 தடவை பாம்புக்கடி வாங்கிய ஒருவரின் ரத்தத்திலிருந்து எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே, உண்மையா? பர்மாவுக்கு எப்போது வரும்? தட்டோன் பக்கம் கிராமத்தில் என் அத்தை வீட்டார் விவசாயம் பார்க்கிறார்கள். அதுவரை சென்னையிலிருந்து விஷமுறிவு மருந்து வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் வைக்கலாமா?"

நான் ரங்கூனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. பிறந்தது பெகு பக்கம், சுற்றிலும் வயலாக இருக்கும் ஒரு தமிழ்க் கிராமம். 2017 அறுப்பின்போது என் சித்தப்பாவைப் பாம்பு கடித்தது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எது வெளிவந்தாலும் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

செய்தி உண்மைதான். அதில் "எல்லாப் பாம்பும்" என்ற இரண்டு சொல் மட்டும் தவறு. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் உயிர் அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது.

டிம் ஃப்ரீட் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர், லாரி மெக்கானிக்காக இருந்தவர். ஏறக்குறைய 18 வருடம் தன் உடம்பில் தானே விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டார், நேராகப் பாம்பிடமும் கடி வாங்கினார். 2001இல் இரண்டு நாகங்கள் அடுத்தடுத்துக் கடித்து நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். மருந்து ஆராய்ச்சியாளர்கள் ஜேக்கப் கிளான்வில், கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பீட்டர் குவாங் இவர்களின் குழு அவர் ரத்தத்திலிருந்து இரண்டு எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்து, அதோடு வாரெஸ்ப்ளாடிப் என்ற ஒரு சிறு வேதிப்பொருளையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2025 மே மாதம் 'செல்' ஆய்விதழில் வந்த கட்டுரைப்படி, 19 வகைப் பாம்பு விஷத்தில் 13க்கு முழுப் பாதுகாப்பு, மீதி 6க்கு ஓரளவு பாதுகாப்பு. பெரிய வேலைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 19ம் நாகக் குடும்பத்துப் பாம்புகள். நாகம், ஆப்பிரிக்க மாம்பா, ஆஸ்திரேலியத் தைப்பான், அப்புறம் கட்டுவிரியன் இனம். பெயரில் விரியன் என்று இருந்தாலும் கட்டுவிரியன் நாகக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், இந்தப் பெயரால் நம் ஆட்கள் நிறையப் பேர் குழம்பிப்போகிறார்கள். நிஜமான விரியன் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பர்மாவில் வயலில் இறங்குகிறவன் பயப்படுவது கண்ணாடி விரியனுக்கு, பர்மியர் ம்வேப்வே என்று சொல்வார்களே, அதற்கு.

ஏன் நாகக் குடும்பத்துக்கு மட்டும் முதலில் மருந்து கிடைக்கிறது என்றால், அவற்றின் முக்கிய விஷப் புரதங்கள் சின்னவை, நரம்பும் தசையும் சேரும் இடத்தில் ஒரே பூட்டில் போய் மாட்டிக்கொள்ளும் சாவிகள் மாதிரி. இந்தக் குடும்பத்தில் பாம்பு எதுவானாலும் அந்தச் சாவியின் பல் ஒரே மாதிரி இருக்கும், அதனால் ஒரு எதிர்ப்புப் புரதமே பல பாம்புக்கும் உதவுகிறது. 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்த இன்னொரு வேலையும் இதே இடத்தைத்தான் பிடித்தது. 2024 வேதியியல் நோபலில் பாதியை வாங்கிய டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில், சுசானா வாஸ்கெஸ் டோரெஸும் மற்றவர்களும் இயற்கையில் எங்கேயும் இல்லாத புரதங்களைக் கணினியிலேயே வடிவமைத்து, விஷத்துக்கு மூடி போட்டது மாதிரி அடைத்தார்கள். எலிகளில் 80 முதல் 100 சதவீதம் வரை பிழைத்தன. வழக்கமான மருந்து மாதிரி குதிரைக்கு விஷம் ஏற்றித் தயாரிக்க வேண்டாம், நுண்ணுயிரிலேயே தயாரித்துக்கொள்ளலாம். ஆனால் இதுவும் நாகத்துக்குத்தான்.

விரியன் விஷம் வேறு மாதிரி. அது பல நொதிகளின் கூட்டம், ஒவ்வொன்றும் பெரியது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை. கண்ணாடி விரியன் விஷத்தில் ஒரு நொதி, ரத்தம் உறைவதற்கு உடம்பு வைத்திருக்கும் பத்தாம் காரணியைத் தட்டி எழுப்பிவிடும், இன்னொன்று ஐந்தாம் காரணியை. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) சம்பந்தமான ஒரு டெஸ்டுக்கு இந்தப் பாம்பின் விஷத்தைத்தான் நன்றாக நீர்க்கவைத்துப் பயன்படுத்துகிறோம். சாதாரண ஆளின் ரத்த நீரில் அதை விட்டால் அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் கட்டியாகிவிடும். 1934லேயே இங்கிலாந்தில் மாக்ஃபர்லேன் என்ற மருத்துவர் ரத்தம் நிற்காத நோயாளிகளின் காயத்தில் இதை வைத்து ரத்தத்தை நிறுத்தலாம் என்று காட்டியிருக்கிறார். அப்படியானால் கடி பட்டவனுக்கு ஏன் ரத்தம் உறையாமல் போகிறது? உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கட்டிகளாக உறைந்து உறைந்து, உறைவதற்கு வேண்டிய சரக்கு அத்தனையும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு பல் ஈறிலிருந்து கசிகிற ரத்தம்கூட நிற்காது.

சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது. மாலை நாலரை மணி இருக்கும், கட்டி வைத்த கதிரைத் தூக்கியபோது கணுக்காலுக்கு மேலே கடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே கயிற்றைக் கட்டினார்கள். பக்கத்துக் கிராமத்துப் பர்மிய வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள். அங்கே ஒன்றரை மணி நேரம் போனது. பிறகு மூன்று சக்கர வண்டியில் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. நான் ரங்கூனிலிருந்து நேராக அங்கே போய்விட்டேன்.

அங்கே இருந்த சயாமா (ஆஸ்பத்திரி அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) செய்த ஒரு காரியத்தை நான் மறக்கமாட்டேன். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஜன்னல் ஓரமாக நிறுத்திவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். யாரையும் தொடவிடவில்லை. 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு தடவை சாய்த்தார். உறைந்த ரத்தமாக இருந்தால் குழாயின் அடியில் ஜெல்லி மாதிரி அப்படியே நிற்கும். சித்தப்பாவின் ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. அதைப் பார்த்ததுமே பேசாமல் மருந்து அலமாரிக்குப் போனார். இந்தச் சோதனைக்கு மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம். குழாய் மட்டும் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாலோ நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றிவிடும். நான் தினமும் லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினோடு வேலை செய்கிறவன், ஆனாலும் அந்தக் குழாயைப் போல ஒரு தெளிவான சோதனையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் சித்தப்பாவின் கண்ணில் வெள்ளைப் பகுதி வீங்கி, இமைக்கு வெளியே ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி பிதுங்கி நின்றது. இது பர்மாவின் கண்ணாடி விரியன் கடியில் மருத்துவர்கள் கெட்ட அறிகுறியாகப் பார்க்கிற ஒன்று. சிறுநீர் நின்றுவிட்டது. ரங்கூனுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் டயாலிசிஸ் செய்தோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ரத்தம் கசிந்து, மாதங்கள் கழித்து ஆளே சோர்ந்து போகிறதும் இந்தக் கடியில் உண்டு. 1987இல் டுன் பே என்ற பர்மிய மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 'லான்செட்' இதழில் அதை எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். எங்கள் நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து செய்த வேலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, விரியனுக்கு என்னதான் வருகிறது? நான் ரொம்ப எதிர்பார்ப்பது ஊசியை இல்லை, மாத்திரையை.

ஃப்ரீட் செய்தியில் மூன்றாவது பொருளாக வந்த வாரெஸ்ப்ளாடிப்பைக் கவனித்தீர்களா? அது பாம்புக்காகக் கண்டுபிடித்த மருந்தே இல்லை. உடம்பின் அழற்சியையும் இதய நோயையும் குறைக்கலாம் என்று உருவாக்கி, பெரிய சோதனையில் பலன் கிடைக்காமல் கைவிடப்பட்ட மருந்து. பாஸ்ஃபோலிபேஸ் என்ற நொதியை அடக்குவது அதன் வேலை. அந்த நொதி வகை பாம்பு விஷத்திலும் ஏராளமாக இருக்கிறது, நாகத்திலும் உண்டு, விரியனிலும் உண்டு. மாத்யூ லூவின் என்ற அமெரிக்க மருத்துவர் அதைப் பாம்பு விஷத்தோடு மோதவிட்டுப் பார்த்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார். விஷத்தில் இன்னொரு பெரிய கூட்டம் துத்தநாகத்தை நடுவில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் நொதிகள், ரத்தக்குழாய்ச் சுவரைக் கரைப்பது அவைதான். துத்தநாகத்தைப் பிடுங்கிவிட்டால் அவை செத்த மாதிரி. பாதரசம், ஆர்செனிக் விஷத்துக்குக் கொடுக்கும் யூனித்தியோல் என்ற பழைய மருந்து அதைச் செய்கிறது. புற்றுநோய்க்கு முயன்று கைவிட்ட மரிமாஸ்டாட் என்ற மருந்தும் அதே நொதிகளை அடைக்கிறது. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நிக்கோலஸ் கேஸ்வெல் குழுவினர் வாரெஸ்ப்ளாடிப்பையும் மரிமாஸ்டாட்டையும் சேர்த்துக் கொடுத்து, கண்ணாடி விரியன் உட்படப் பல விரியன் விஷங்களிலிருந்து எலிகளைக் காப்பாற்றிய கட்டுரை 2020இல் வந்தது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாலை நாலரைக்கும் ராத்திரி ஒன்பதரைக்கும் நடுவே அந்த ஐந்து மணி நேரத்தில், ஊர்த் தலைவர் வீட்டு அலமாரியில் இருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கியிருந்தால்?

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வாரெஸ்ப்ளாடிப் மாத்திரையை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நிஜமாகக் கடிபட்டவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது. எல்லோரையும் மொத்தமாக எடுத்தால் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கடித்து ஐந்து மணி நேரத்துக்குள் மாத்திரை கிடைத்தவர்களிடம் நல்ல பலன் இருக்கலாம் என்று தெரிந்தது. யூனித்தியோலை கென்யாவில் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பாதுகாப்பு மட்டும் சோதித்திருக்கிறார்கள். ஆக, இவை எதுவும் பாம்புக்கடி மருந்தாக இன்னும் கடைக்கு வரவில்லை. இணையத்தில் யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, சென்னை மருந்து. தயவுசெய்து வேண்டாம். இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குமானது, அதற்கான விஷத்தில் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பது. அந்த மக்களின் கைத்திறமையால் இந்தியாவில் எத்தனையோ உயிர் பிழைக்கிறது. ஆனால் அங்கே இருக்கும் கண்ணாடி விரியனும் இங்கே இருப்பதும் பார்க்க ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு இனம் என்று 2007லேயே பிரித்துவிட்டார்கள், விஷத்தின் சேர்க்கையும் வேறு. இந்தியாவுக்குள்ளேயே வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் மாறுவதால் மருந்து சில இடங்களில் சரியாக எடுபடுவதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனாகர் குழுவினர் தொடர்ந்து காட்டிவருகிறார்கள். கடல் தாண்டி இங்கே கொண்டுவந்து அதை நம்பலாமா? பர்மாவில் இந்த மண்ணின் பாம்பு விஷத்தைக் குதிரைக்கு ஏற்றி, விரியனுக்குத் தனி மருந்து, நாகத்துக்குத் தனி மருந்து என்று அரசாங்கமே ரங்கூனில் தயாரிக்கிறது, உங்கள் அத்தை வீட்டாருக்கு வேண்டியது அதுதான். வீட்டில் வைத்துப் போடும் ஊசியும் இல்லை அது. குதிரைப் புரதம், சிலருக்கு ஏறின பத்து நிமிடத்தில் மூச்சு அடைத்து ரத்த அழுத்தம் விழுந்துவிடும், பக்கத்தில் அதை அடக்கும் அட்ரினலின் ஊசியோடு ஆள் நிற்க வேண்டும்.

எங்கள் ஊரில் பர்மிய விவசாயிகள் சிலர் பாம்பு மருந்து என்று கையிலும் காலிலும் பச்சை குத்திக்கொள்வார்கள். ஃப்ரீட் கதை வந்ததும் ஒரு பையன் என்னிடம், பார்த்தீர்களா அண்ணா, நம் ஆட்கள் அன்றைக்கே செய்ததுதானே என்று கேட்டான். இல்லை தம்பி, பச்சை குத்தினவனையும் நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன்.

உங்கள் அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்: அறுப்பு தொடங்குவதற்கு முன்னால், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் விரியன் மருந்து இருப்பு இருக்கிறது என்று ஒரு தடவை நேரில் போய்க் கேட்டு வைக்கட்டும், இருப்பு மாதத்துக்கு மாதம் மாறும். இருட்டின பிறகும் வண்டி எடுக்கத் தயாராக இருக்கும் ஒரு ஆளின் போன் நம்பர் சுவரில் எழுதி இருக்கட்டும், இப்போது இரவில் சாலையில் போவதே பெரும்பாடு என்பது உங்களுக்கே தெரியும். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். கடித்த இடத்தில் துணியைக் கனமாக மடித்து வைத்து, அதன் மேல் அழுத்திச் சுற்றி, காலை அசைக்காமல் மட்டையோடு கட்டித் தூக்கிக்கொண்டு போகட்டும். இதை 1990களில் பர்மிய மருத்துவர்களே கடிபட்டவர்களிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். அப்புறம் முழங்கால் வரை வரும் பூட்ஸ். சேற்று நடவில் போட முடியாது என்பார்கள், சரி. ஆனால் அறுப்பின்போது வயல் காய்ந்துதான் இருக்கும், அப்போதாவது போடலாம். சித்தப்பா போடுகிறார்.