புளூடூத்தை அணைத்தும் பேட்டரி நிற்கவில்லையா? சிம்மைப் பாருங்கள்

கேள்வி: நவி மும்பை நெருலில் குடியிருக்கிறேன், தினமும் ஹார்பர் லைன் ரயிலில் மும்பை ஃபோர்ட்டுக்கு வேலைக்குப் போகிறேன். ஆபீஸ் பழைய கல் கட்டிடம், தரைத்தளத்தில் பின்பக்கம். போன் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது, ஆண்ட்ராய்டு, 5000 எம்ஏஎச் பேட்டரி. காலையில் நூறு சதவீதத்தோடு கிளம்பினால் சாயங்காலம் நாலு மணிக்கு இருபதுக்கு வந்துவிடுகிறது. இத்தனைக்கும் புளூடூத், வைஃபை, லொகேஷன் மூன்றையும் எப்போதும் அணைத்தே வைத்திருக்கிறேன். பேங்க் ஓடிபிக்காக திருநெல்வேலி நம்பர் இரண்டாவது சிம்மில் இருக்கிறது. ரயில் பாஸும் போனில்தான். வீட்டுக்காரர் போனையே மாற்று என்கிறார். பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி போயிருக்கலாம், ஆனால் அதை அப்புறம் பார்ப்போம். முதலில் வைஃபையையும் புளூடூத்தையும் ஆன் செய்துவிடுங்கள். தப்பாகச் சொல்லவில்லை, நிஜமாகவேதான். நீங்கள் பார்த்துப் பார்த்து அணைக்கிற இரண்டும் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவை. வயிறு முட்டச் சாப்பிடுகிறது சிம், அதுதான் நாள் முழுக்க திறந்தே கிடக்கிறது.

போனுக்குள் ரேடியோ ஒன்று அல்ல, பல. புளூடூத்துக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, டவரோடு பேச இன்னொன்று. இயர்பட்ஸ் உங்கள் காதில் இருக்கிறது, போன் கைப்பையில் இருக்கிறது, நடுவில் இரண்டு அடி. அந்தத் தூரத்துக்குச் சில மில்லிவாட் போதும். 2010இல் புளூடூத் 4.0 வந்ததிலிருந்து வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் மாதிரியான சாமான்களுக்கென்றே இன்னும் சிக்கனமான முறை ஒன்று இருக்கிறது. ஆனால் டவர் சில நூறு மீட்டர் தள்ளி, நாலு கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கும். அதற்குக் கேட்கிற மாதிரி பேச வேண்டுமென்றால் 4ஜியில் போன் 200 மில்லிவாட் வரை அனுப்ப அனுமதி உண்டு, அது ஆன்டெனாவிலிருந்து வெளியே போகிற கணக்கு மட்டும்தான். அதை உண்டாக்க உள்ளே பேட்டரியிலிருந்து போவது அதைப்போல் பல மடங்கு, மீதியெல்லாம் சூடாகிவிடும். சிக்னல் மோசமான இடத்தில் போன் கையில் கணகணவென்று இருப்பது அதனால்தான்.

இங்கே முக்கியமான சங்கதி, போன் எப்போதும் 200 மில்லிவாட்டில் கத்துவதில்லை. டவர் பக்கத்தில் இருந்தால் ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே மெதுவாகப் பேசிவிட்டுப் போகும். தூரமோ சுவரோ குறுக்கே வந்தால்தான் குரலை உயர்த்தும். ஆகவே ஒரே போன், ஒரே பேட்டரி, ஒரே ஆப்கள், ஆனால் பாந்திராவில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு ராத்திரி வரை வரும், கல் கட்டிடத்தின் பின்பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு நாலு மணிக்கே போய்விடும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். மேலே தெரிகிற கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடுகிறது. செட்டிங்ஸ் போய் 'அபவுட் ஃபோன்' உள்ளே 'சிம் ஸ்டேட்டஸ்' திறந்தால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று மைனஸோடு ஒரு எண் இருக்கும், டிபிஎம் என்று போட்டிருக்கும். ஐபோன்காரர்கள் டயல் பேடில் *3001#12345#* அடித்து அழைத்தால் இதே விவரம் வரும். மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 100 பரவாயில்லை, மைனஸ் 110ஐத் தாண்டினால் போன் கஷ்டப்படுகிறது, மைனஸ் 120 என்றால் கிட்டத்தட்ட இல்லை. பத்து எண் இறங்கினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது என்று அர்த்தம், இருபது இறங்கினால் நூறில் ஒரு பங்கு. 85க்கும் 105க்கும் நடுவே சும்மா இருபதுதானே என்று தோன்றும், ஆனால் வித்தியாசம் நூறு மடங்கு. ஆபீஸில் உங்கள் மேஜையில் வைத்து ஒரு தடவை பாருங்கள், அப்புறம் ஜன்னல் பக்கம் நடந்துபோய் இன்னொரு தடவை. போனை இரும்பு மேஜையின் டிராயருக்குள் போட்டு மூடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், சுற்றிலும் இரும்பு இருந்தால் சிக்னல் விழுந்துவிடும்.

ஆபீஸுக்கான மருந்து வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ அடுத்த மாதமும் இதை இங்கே கொண்டுவந்தன, ஆனாலும் எத்தனையோ பேர் போனில் இன்னும் அணைந்தே கிடக்கிறது. சிம் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்று இருக்கும், ஆன் செய்யுங்கள், ஆபீஸ் வைஃபையில் சேருங்கள். ரவுட்டர் பத்து இருபது அடியில் இருக்கும், டேட்டாவும் அழைப்பும் அது வழியாகப் போய்விடும், கல் சுவரைத் துளைத்துக்கொண்டு டவரைத் தேட வேண்டியதில்லை. இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யலாம், பெரும்பாலான போன்களில் அழைப்பு அப்படியும் வரும். வீட்டிலிருந்து ஒரு தடவை கூப்பிடச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடிபி எதிர்பார்க்கிற நேரத்தில் மட்டும் மோடை எடுத்துவிடுங்கள்.

சில ஆபீஸ்களில் வைஃபை தருவதில்லை, தெரியும். அப்படியானால் போனுக்கு மேஜையில் நல்ல எண் வருகிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வைப்பதுதான் வழி. அரை அடி நகர்த்தினாலே பத்து டிபிஎம் மாறுகிற இடங்கள் உண்டு.

அடுத்தது ரயில். நெருலில் ஏறி வாஷி, மான்குர்த், செம்பூர், குர்லா, ஜிடிபி நகர், வடாலா என்று விடி (இப்போது சிஎஸ்எம்டி) ஸ்டேஷன் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரம் முழுக்க நீங்கள் இரும்புப் பெட்டிக்குள், சுற்றிலும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, ஒரு டவர் விட்டு இன்னொரு டவருக்குப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். மனித உடம்பும் சிக்னலை உறிஞ்சும், லேடீஸ் பெட்டியில் காலை எட்டரைக்கு எத்தனை உடம்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெட்டியில் இருக்கிற எல்லோரும் ஒரே டவரில் ரீல்ஸ் பார்க்கிறார்கள், ஆகவே ஒரு வீடியோ இறங்க ஆகிற நேரம் கூடுகிறது, அத்தனை நேரமும் ரேடியோ முழித்தே இருக்கிறது. ஹார்பர் லைனில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே போனால் பிளாட்பாரத்தில் எண்பதுகளில் இருப்பது, வண்டி கிளம்பி நடுவழியில் நிற்கும்போது நூறைத் தாண்டுவது, அடுத்த ஸ்டேஷனில் மறுபடி எண்பதுகளுக்குத் திரும்புவது என்று ஒரே ஆட்டம்தான்.

பாட்டுக் கேட்கிறவராக இருந்தால் வீட்டு வைஃபையில் ராத்திரியே இறக்கி வைத்துக்கொண்டு, ரயிலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு புளூடூத்தில் கேளுங்கள். புளூடூத்துக்குப் பயந்து ஸ்ட்ரீமிங்கை விட்டுவைத்திருப்பது, கொசுவலைக்குள் கொசுவை விட்டுவிட்டு ஈயை விரட்டுகிற கதை. டேட்டா மட்டும் அணைந்திருந்தால் அழைப்புகள் வந்துவிடும்.

பாஸ் விஷயம்: போன் அணைந்து பாஸைக் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வருவீர்கள், ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது. இந்தச் சிக்கல் தீரும்வரை கவுன்டரில் காகிதமாகவே பாஸ் எடுத்துவிடுங்கள், இதற்கு டெக்னாலஜி எதுவும் வேண்டாம்.

இனி திருநெல்வேலி நம்பர். இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இரண்டாவது சிம் என்றால் போனுக்கு இரண்டாவது டவர் உறவு. இரண்டு சிம்மும் நல்ல சிக்னலில் சும்மா காத்திருந்தால் செலவு பெரிதில்லை. ஆனால் அந்தக் கம்பெனிக்கு உங்கள் ஆபீஸுக்குள் சிக்னலே இல்லை என்று வையுங்கள், 'நோ சர்வீஸ்' என்று காட்டிக்கொண்டு போன் விடாமல் தேடும், இருக்கிற எல்லா அலைவரிசையிலும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். சிக்னல் குறைவாக இருப்பதைவிட சிக்னலே இல்லாமல் தேடுவது மோசம். பேங்க் ஓடிபிக்கு மட்டும்தான் அந்த நம்பர் என்றால் சிம் செட்டிங்ஸில் அதை ஆஃப் செய்துவையுங்கள், பணம் அனுப்பும்போது ஆன் செய்தால் அரை நிமிடத்தில் வந்துவிடும். ரீசார்ஜ் மட்டும் மறந்துவிடாதீர்கள். யுபிஐ ஆப் எந்த நம்பரில் பதிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள், ஏனென்றால் சிம் இல்லை என்று சில ஆப்கள் மறுபடி சரிபார்க்கச் சொல்லும்.

5ஜியை நிறுத்தச் சொல்கிறவர்கள் ஊருக்குள் நிறைய. பாதி சரி. 2022 அக்டோபரில் இங்கே 5ஜி வந்தபோது ஏர்டெல் 4ஜியின் தோளில் ஏறி நிற்கிற முறையை எடுத்தது, ஜியோ 5ஜி தனியாக நிற்கிற முறையை எடுத்தது. முதல் முறையில் போன் ஒரே நேரத்தில் 4ஜி, 5ஜி இரண்டோடும் தொடர்பு வைத்திருக்க வேண்டும், அதற்குக் கூடுதல் செலவு. எந்த முறையாக இருந்தாலும் 5ஜி எல்லையில், வந்தும் வராமலும் இருக்கிற இடத்தில்தான் உண்மையான தொல்லை, அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். நல்ல 5ஜியில் பெரிய ஃபைல் சீக்கிரம் இறங்கி ரேடியோ சீக்கிரம் தூங்கிவிடும் என்பதால் அங்கே நஷ்டமில்லை. நீங்கள் போகிற வழிக்கும் இருக்கிற ஆபீஸுக்கும் நெட்வொர்க் டைப்பை 4ஜியில் வைத்து ஒரு வாரம் பாருங்கள். ஒரு எச்சரிக்கை, அன்லிமிடெட் 5ஜி பிளான் போட்டிருந்தால் 4ஜிக்கு மாறினவுடன் தினசரி ஜிபி கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

ஆப்கள் பக்கம் வருவோம். டேட்டா வந்து முடிந்த பிறகும் டவர் ரேடியோ உடனே தூங்காது, இன்னும் ஏதாவது வருமோ என்று சில வினாடிகள், பல சமயம் பத்து வினாடி வரை, முழித்திருக்கும். ஒரு பெரிய வீடியோவுக்கு ஒரு தடவை அந்த பத்து வினாடி. ஆனால் நிமிடத்துக்கு ஒன்றாக வருகிற சின்னச் சின்னச் செய்திக்கு ஒவ்வொன்றுக்கும் அந்த பத்து வினாடி. காலை ஆறு மணியிலிருந்து குடும்ப குரூப், காலனி குரூப், பழைய கல்லூரி குரூப் எல்லாவற்றிலும் பூங்கொத்தோடு வருகிற காலை வணக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் மொபைல் டேட்டாவில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். போட்டோ பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று வையுங்கள். ஆப்களை அடிக்கடி மேலே தள்ளி மூடுவதால் ஒரு பலனும் இல்லை, திரும்பத் திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் செலவு கூடத்தான் செய்யும். பேட்டரி சேவர், பூஸ்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு பிளே ஸ்டோரில் கிடக்கிற ஆப்களை அழித்துவிடுங்கள், விளம்பரம் காட்டுவதைத் தவிர அவை எதையும் உருப்படியாகச் செய்வதில்லை.

லொகேஷனை முழுக்க அணைப்பதைவிட, எந்த ஆப்புக்கு 'எப்போதும்' அனுமதி இருக்கிறது என்று பார்த்து 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றினால் போதும். அங்கேயே வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு சுவிட்ச் இருக்கும். நீங்கள் திரையை மேலிருந்து கீழே இழுத்து வைஃபையை அணைத்தாலும் இவை ஆனில் இருந்தால் லொகேஷனுக்காகப் போன் அக்கம்பக்கத்தைத் துழாவும், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம், பெரிய மிச்சம் எதிர்பார்க்காதீர்கள். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் வைஃபையைத் தட்டினால் அது அணைவதே இல்லை, இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பழையபடி ஆகிவிடும்.

லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கொடுக்கிறீர்கள் என்றால் அதையே முதல் குற்றவாளியாக வையுங்கள், டவர் ரேடியோவும் வைஃபை ரேடியோவும் சேர்ந்து இடைவிடாமல் ஓடுகிற வேலை அது. கேபிள் போட்டு யுஎஸ்பி டெதரிங் செய்தால் போனும் கூடவே சார்ஜ் ஆகும்.

சரி, பேட்டரி போய்விட்டதா என்பதற்கு இரண்டு ராத்திரி பரீட்சை போதும். முதல் ராத்திரி படுக்கும்போது ஏரோபிளேன் மோடில் போட்டு, எல்லா ரேடியோவும் அணைந்திருக்க, சதவீதத்தைக் குறித்துக்கொண்டு சார்ஜில் போடாமல் விடுங்கள். மறுநாள் ராத்திரி இரண்டு சிம்மும் ஆனில் இருக்க அதே மாதிரி. முதல் ராத்திரியில் இரண்டு மூன்று சதவீதம் மட்டும் குறைந்து, இரண்டாவதில் பத்து பன்னிரண்டு குறைந்தால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள், நான் மேலே சொன்னதுதான். முதல் ராத்திரியிலேயே பத்தைத் தாண்டினால் உள்ளே ஏதோ ஓடுகிறது, அல்லது பேட்டரி களைத்துவிட்டது. முப்பதிலிருந்து திடீரென்று பத்துக்குக் குதிக்கிறதா, அதுவும் களைத்த பேட்டரியின் அடையாளம்தான். லித்தியம் பேட்டரி சில நூறு முழுச் சுற்றுக்குப் பிறகு கொள்ளளவை இழப்பது இயல்பு, ஐபோன் 14 வரைக்கும் 500 சுற்றில் 80 சதவீதம் மிஞ்சும் என்பதுதான் ஆப்பிளின் வடிவமைப்புக் கணக்கு. தினம் ஒரு தடவை முழுக்க ஏற்றி இறக்கினால் இரண்டரை வருடத்தில் நீங்கள் அதைத் தாண்டிப் பல மாதம் ஆகியிருக்கும்.

அப்படியென்றாலும் போனை மாற்ற வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், புது போனின் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். பாதி விலைக்கு நடைபாதைக் கடையில் கிடைப்பதில் எம்ஏஎச் என்று எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடித்திருப்பார்கள். போனின் பின்பக்கம் உப்பியிருந்தாலோ திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தாலோ இந்தப் பரீட்சை எதுவும் வேண்டாம், சார்ஜ் போடாமல், அமுக்கிப் பார்க்காமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.