மாட்டுக்குள் கை விடுகிற படிப்பா?

வணக்கம் அம்மா,

பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டம்) முடிக்கப்போகிற மகள், மேற்படிப்புக்குக் கால்நடை ஈனியல்தான், அதாவது கால்நடைகளின் சினை, ஈற்று பற்றிய படிப்புதான் வேண்டும் என்கிறாள். "நாய், பூனை டாக்டராகலாமே, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மாட்டுக்குள்ள கை விடுற வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு கறவை மாடு நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்தப் படிப்பின் அரிச்சுவடி உங்களுக்கே தெரியும்.

விடியற்காலையில் மாடு கத்தி, பின்னால் கண்ணாடி போல வழும்பு தொங்கினால், சாயங்காலம்தானே சினை ஊசி போடச் சொல்கிறார்கள்? பருவம் 12 முதல் 18 மணி நேரம் வரை இருக்கும். அது அடங்கி 10, 12 மணி நேரம் போனபிறகுதான் கருமுட்டை வெளியே வரும். அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு.

முட்டை வெளிவந்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்றொரு சிறு கட்டி வளர்ந்து புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது இருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது. சினை பிடிக்கவில்லையா, 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புராஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். 21ஆம் நாள் வாக்கில் மாடு மறுபடி கத்தும்.

அதே புராஸ்டாகிளாண்டின் ஊசி மருந்தாகவும் கிடைக்கிறது. கத்தாமலே பருவம் கடந்துபோகும் எருமைக்கெல்லாம் பெரிய உதவி. ஆனால் சினை மாடு என்று தெரியாமல் போட்டால் கன்று வீசிவிடும். அதனால்தான் தோள்வரை கையுறை மாட்டி, ஆசனவாய் வழியாகக் கை விட்டுத் தடவிப் பார்க்கிறார்கள். கருமுட்டை உருவாகும் சினைப்பை கொட்டைப்பாக்கு அளவுதான். அதில் அந்தக் கட்டி புடைத்திருக்கிறதா என்பதை விரல் நுனி சொல்ல வேண்டும். இதில் பலத்துக்கு என்ன வேலை? ஸ்கேன் கருவியும் இப்போது துணைக்கு இருக்கிறது.

பலம் கேட்பது கன்று குறுக்கே மாட்டிக்கொள்ளும்போதுதான். ராத்திரி 2 மணிக்கும் கூப்பிடுவார்கள். உங்கள் கவலையை அங்கே வையுங்கள், அது நியாயம். மற்றபடி நாய், பூனை வேண்டும் என்றாலும் இதே துறைதான்: நாய்க்கு சிசேரியன், கருப்பையில் சீழ் கட்டுவது எல்லாம் இவர்களிடம்தான் வரும்.

வேலை விஷயம். அரசு கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு இளநிலைப் பட்டமே போதும். டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுத வேண்டும். எம்.வி.எஸ்சி. என்ற முதுநிலைப் படிப்பு இரண்டு வருஷம், கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் தேவை. உறைவிந்து நிலையங்கள், கருமாற்று ஆய்வகங்கள் இருக்கின்றன. 2009இல் ஹரியானாவின் கர்னாலில் எருமைக் கன்றைக் குளோனிங் செய்தது இந்தத் துறை வேலைதான். அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் ஆய்வகமான ஹைதராபாத் லாகோன்ஸில் காட்டு விலங்கின் சாணத்திலிருந்தே ஹார்மோன் பார்க்கிறார்கள்; கை விடவே வேண்டாம்!

சரி, மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காத உங்கள் இரண்டாவது மாட்டை, அடுத்த விடுமுறைக்கு மகள் வரும்போது ஊர் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்கள். டாக்டர் பக்கத்தில் நிற்க, அவளே பார்க்கட்டும். மாடு கத்திய தேதிகளை எங்காவது குறித்திருந்தால் எடுத்துப் போங்கள், கையுறை மாட்டும் முன் அவள் அதைத்தான் கேட்பாள்.