அம்மா ஏன் கரண்ட் வைக்க மறுக்கிறார்?

அன்புள்ள அக்கா,

என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு மாதம் முன்பு இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளில் பரவவில்லை, கீமோ தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது 15 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அம்மா பிடிவாதமாக மறுக்கிறார். "கட்டியத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு உடம்பைச் சுடணும்?" என்கிறார். கரண்ட் வைத்தால் பேத்தியைத் தொடக்கூடாது என்று யாரோ வேறு சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

(பெயர் வேண்டாம்), திண்டுக்கல்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பேத்தி விஷயம். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் இந்தச் சிகிச்சையில், மெஷினை நிறுத்தியதுமே கதிரும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. அன்று சாயங்காலமே பேத்தியை மடியில் வைத்துச் சோறு ஊட்டலாம். இதை இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

பாதி பயம் 'கரண்ட்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. என் பெரியம்மா மகள் முதல் நாள் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள், ஷாக் அடிக்காமல் இருக்க. பத்து நிமிடத்தில் வெளியே வந்து, "முடிஞ்சுதா? ஒண்ணுமே தெரியலையே" என்றாள். எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், அந்த நேரத்தில் வலியோ சூடோ தெரியாது.

அம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனால் மார்பை அகற்றாமல் விட்டதே, பின்னால் கதிர் கொடுப்போம் என்ற கணக்கில்தான். ஸ்கேனுக்கும் சிக்காத புற்றுநோய்ச் செல்கள் அங்கே மிஞ்சியிருக்கலாம். அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் நடந்த ஆய்வின் 20 ஆண்டு முடிவு 2002இல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் கொடுக்காத பெண்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் மறுபடி வந்தது. கதிர் கொடுத்தவர்களில் 14 பேருக்கு. இன்றைய மருந்துகளால் இரண்டு எண்ணிக்கையுமே குறைந்திருக்கும், ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. 70 வயது தாண்டிய, சின்னக் கட்டியுள்ள, ஹார்மோன் மாத்திரை எடுக்கும் சிலருக்கு வேண்டாம் என்று டாக்டர்களே விடுவதுண்டு. அம்மாவுக்கு அப்படி விட முடியுமா என்று நேராகக் கேளுங்கள், தப்பில்லை. பக்கத்து வீட்டில் மட்டும் கேட்காதீர்கள்.

இடது பக்கம் என்பதால் இதயத்தைப் பற்றியும் கேளுங்கள். பல இடங்களில் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கதிர் கொடுக்கிறார்கள். அப்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகி நிற்கும். அம்மா வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டியிருக்கும், அதனால் தோள் பயிற்சியை விட வேண்டாம்.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது வாரத்திலிருந்து தோல் சிவக்கும், கறுக்கும். அசதி வரும். முடிந்த பிறகும் ஓரிரு வாரம் அது கூடித்தான் அப்புறம் குறையும். தலைமுடி கொட்டாது. தளர்வான பருத்தி ரவிக்கை போடட்டும். கதிர் படும் இடத்தைக் காட்ட மையால் போட்ட குறிகளைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டாம். முன்பு இதே சிகிச்சை 25 நாள், ஐந்து வாரம் நடந்தது. மூன்று வாரமே போதும் என்று பிரிட்டன் ஆய்வுகள் காட்டிய பிறகுதான் 15 ஆனது.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். அறைக்குள் அம்மா தனியாகத்தான் படுத்திருக்க வேண்டும். ஆனால் வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அவர் பேசினால் கேட்கும். உள்ளே போகும் முன் அதை அவர் காதில் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா