மௌன ஏலத்தைத் தாளில் நடத்தினால் போதாதா, கைப்பேசி எதற்கு?

பள்ளிக்கு நிதி திரட்டும் விழாவில், கூவாமல் தொகையை எழுதிக் கேட்கும் மௌன ஏலத்துக்குத் தாளும் பேனாவும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஏதோ ஒரு பழைய மாணவர் சங்கத்தில் வரவு செலவு பார்ப்பவராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்தில் நாங்கள் படித்த பள்ளியின் கழிப்பறைக்காக இருமுறை ஏலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: போதாது.

முதல் ஆண்டு ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஒரு தாள் வைத்தோம். விரும்புகிறவர் பெயரையும் தொகையையும் எழுத வேண்டும். அடுத்தவர் அதைவிடக் கூட்டி எழுத வேண்டும். ஒரு பித்தளை அண்டாவுக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் 800 ரூபாய் என்று எழுதினார். அவர் பெயரைப் பார்த்த பிறகு அதன் கீழே எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. அண்டா அந்த விலைக்கே போனது. கோயில் திருவிழாவில் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று கூவும் ஏலத்தை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அங்கும் குரல் உள்ளவர்தான் கேட்பார், பெண்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள்.

மறு ஆண்டு தாளுக்குப் பதிலாக, கைப்பேசியில் ஸ்கேன் செய்து ஏலம் கேட்பதற்கான கியூஆர் குறியீட்டை ஒட்டிவைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தோம். திரையில் பெயர் வராது. கடைசி வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், 'உங்கள் தொகையை வேறொருவர் தாண்டிவிட்டார்' என்று குறுஞ்செய்தி வரும்போதெல்லாம், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நூறு நூறாகக் கூட்டிக்கொண்டே போனார். 500 ரூபாயில் தொடங்கிய செம்புக் குடம் 2,600 ரூபாய்க்கு அவருக்குக் கிடைத்தது. எதிரே கேட்டவர் அதே ஊர்ப் பெரியவர் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் 600 ரூபாயிலேயே நிறுத்தியிருப்பார்.

வயதானவர்களை ஒதுக்குகிறீர்கள் என்று உங்களிடமும் சொல்வார்கள். நாங்கள் வாசலருகே மேசை போட்டு, ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக இரண்டு கல்லூரி மாணவிகளை உட்கார வைத்தோம். பணத்தை அங்கேயே யுபிஐ வழியாக வாங்கிவிட்டதால், 'அப்புறம் தருகிறேன்' என்ற பேச்சு எழவில்லை.

தவறு முடிவு நேரத்தில்தான் நடந்தது. எட்டு மணிக்கு ஏலம் முடியும் என்று அறிவித்திருந்தோம். கடைசி நொடியில் ஒருவர் கூட்டியதால், அதுவரை முன்னிலையில் இருந்தவர் மேலும் கூட்டிக் கேட்க நேரமில்லாமல் மிகுந்த வருத்தத்தோடு எழுந்து போனார். கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது கூட்டினால் மேலும் இரண்டு நிமிடம் நீளும் என்ற விதியை முன்பே வைத்துவிடுங்கள். மண்டபத்துக்கு முந்தைய நாளே போய், மேடையில் நிற்காமல், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து சிக்னல் வருகிறதா என்று பாருங்கள்.